சவுக்கு மரத்தில் ஒரு ஜப்பான் முட்டை

இரும்புலியூர்
25-11-2024

மச்சான் தயாளனுக்கு,

நேற்று ஆராதனை முடிந்து போர்டிகோவில் நாம் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் போதகர் அம்மா கையிலிருந்த டீயைக் கீழே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் வாயால பேசிக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுதுங்க. நானே கீழ்க்கட்டளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

நான் முட்டைக்கடைக்காரன். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸ். நீ தாலுகா ஆபீஸில் கோப்பு எழுதியே ரிட்டயர் ஆனவன். இது யாருக்குக் கிடைத்த தண்டனை என்று யோசித்துப் பார்த்தேன். என் கையெழுத்தைப் படிக்கப்போகிறவன் நீ. ஆகவே உனக்குத்தான்.

நேற்று சத்தத்தில் சொல்ல விட்டுப்போனதை இப்போது சொல்கிறேன். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு நம் ஆலயத்துச் சவுக்கு மரத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக, வீட்டில் செய்த அலங்காரம் கட்டுகிறோம். கூடவே குடும்பப் பெயர் எழுதிய சீட்டு. நான் உன்னிடம் இரண்டு கொடுத்தேன். ஒன்றில் 'அசரியா குடும்பம்' என்றிருந்தது. வாங்கிக்கொண்டாய். இன்னொன்றில் 'ரோஸி, ஜெமிமா' என்றிருந்தது. அதைத் திருப்பி என் கையில் திணித்தாய்.

திணித்தது என்ன பொருள் என்றாவது தெரிந்துகொள். என் மகள் ரோஸிக்கு மகிந்திரா சிட்டியில் ஜப்பான் கம்பெனியில் வேலை. அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வாள். நம் ஆட்கள் சொல்வதில் திட்டுகளை எடுத்துவிட்டு ஜப்பான் மொழியில் சொல்வாள். அங்கே இருந்த மேனேஜரின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். நம் புடவைக் கரை மாதிரி அலை, கொக்கு, விசிறி, பூ என்று பூராவும் சித்திரம். ஓரத்தில் தங்க மை. அதைக் காலி முட்டை ஓட்டின் மேல் ஒட்டித் தொங்கவிடும் வேலையையும் ரோஸிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

முட்டை என்ற சொல் காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பேனா? உள்ளே புகுந்துவிட்டேன். இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட வேண்டும். ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் கரு வெளியே வரும். எனக்கு முதல் நாள் கருவும் வரவில்லை, காதும் கேட்கவில்லை. பிறகு கழுவி, காயவைத்து, காகிதத்தை இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல நறுக்கி, மைதா பசையால் ஒவ்வொரு பல்லாகச் சுற்றி ஒட்ட வேண்டும். நான் ஒட்டியது எல்லாம் பள்ளிக்கூடப் பையனின் முழங்கால் பிளாஸ்திரி போல இருந்தது. பேத்தி ஜெமிமாவே சிரித்தாள். நல்லது இரண்டும் ரோஸி ஒட்டியவை. நான் ஊதியவை.

நீ என்ன சொன்னாய்? "ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான் மாமா. ரோஸி உங்க வீட்டுல அடக்கம்." அவள் என் வீட்டில் இல்லை மச்சான். புருஷன் வீட்டை விட்டு வந்து ஒரு வருஷமாக, அடுத்த தெருவில் மாடி போர்ஷன் எடுத்து, தன் சம்பளத்தில், தன் பிள்ளையோடு இருக்கிறாள். நான் போனால்கூடக் காலிங் பெல் அடித்துவிட்டுத்தான் நுழைகிறேன்.

அந்தப் பெயர் இந்த வருஷம் மரத்தில் தொங்கும். உன் கையால் தொங்கினால் சந்தோஷம்.

உன் மாமா,
அசரியா


கீழ்க்கட்டளை
28-11-2024

கர்த்தருக்குள் அன்பான திரு. அசரியா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தங்கள் கடிதம் அக்கா மூலம் கிடைத்தது. சபைச் செயலாளர் என்ற முறையில் என் பதிலைத் தெரிவிக்கிறேன்.

மரத்தில் பெயர் இடம்பெறுவது குடும்பத் தலைவர் பெயரில் மட்டுமே. ரோஸி திருமணமானவள். அவளுடைய கணவர் உயிரோடு இருக்கிறார். அவளுடைய பெயர் இன்றைய தேதி வரை குரோம்பேட்டை சபையில், அவர் பெயருக்குக் கீழே இருக்கிறது. இடையில் அவள் தந்தை வீட்டுக்கு வந்திருந்தால் தந்தை பெயரில் அடங்குவாள். மூன்றாவதாக ஒரு வழி சபை நடைமுறையில் இல்லை.

மேலும், அந்தக் குறிப்பிட்ட முட்டையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஸ்வஸ்திக் வடிவம் வரிசை வரிசையாகப் பின்னியிருப்பதை ஒரு கமிட்டி உறுப்பினர் கவனித்து என்னிடம் தெரிவித்தார். கிறிஸ்துமஸ் மரத்தில் அதை எப்படித் தொங்கவிடுவது என்று அவர் கேட்கிறார்.

ஆகவே தங்கள் குடும்பத்தின் ஒரு முட்டையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தா. தயாளன்,
கௌரவச் செயலாளர்

பி.கு: அக்கா படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறாள். டாக்டரிடம் காட்டினீர்களா?


இரும்புலியூர்
2-12-2024

கௌரவச் செயலாளர் மச்சானுக்கு,

முதலில் முட்டி. காட்டியாயிற்று. மாத்திரை கொடுத்திருக்கிறார். உன் மாடிக்கும் என் வீட்டுக்கும் மாறி மாறிக் கடிதம் சுமக்க வேண்டாம் என்று அவர் சீட்டில் எழுதவில்லை, ஆனால் மனசில் நினைத்திருப்பார்.

அடுத்தது ஸ்வஸ்திக். ரோஸியைக் கேட்டேன். அவர்கள் நாட்டில் பட்டுத் துணியில் நெய்யும் பழைய பின்னலாம். கல்யாணத்துக்கெல்லாம் அதைத்தான் உடுத்துவார்களாம். எனக்கு அதில் தாழ்ப்பாள்கள்தான் தெரிந்தன. உன் வீட்டு ஹாலில் ஜன்னல் கம்பியைப் போய் உற்றுப் பார். அதே பின்னல். இத்தனை வருஷம் அதன் வழியாகத்தான் நீ பால்காரனை எட்டிப் பார்க்கிறாய். எங்கள் எதிர்வீட்டு பட்டாபிராமன் சார் வாசற்கதவில் மஞ்சளால் அது இருக்கிறது. நாம் கொடுக்கும் கேக்கை அவர் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுகிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆனாலும் மச்சான், காகிதத்துக்காக நான் சண்டை போடவில்லை. உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் மாற்றிவிடலாம். ரோஸியும் அதையே சொன்னாள். "அதுல என்னப்பா இருக்கு, அலை போட்டது எடுத்துக்கலாம்" என்றாள். நீலத்தில் வெள்ளை அலை. புயல் மழையில் பசை காயவே இல்லை. ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி, ஒரு நாள் முழுக்கக் காவல் இருந்தேன். மழையில் கடைக்கும் யாரும் வரவில்லை. இருந்த வேலை அது ஒன்றுதான். இப்போது முட்டை தயார். அதில் ஸ்வஸ்திக் இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. இனி நீ சொல்ல வேண்டிய காரணம் ஒன்று குறைந்துவிட்டது.

மீதி இருப்பது குடும்பம். அதைத்தான் கேட்கிறேன். போன வருஷமும் அதற்கு முன்னாலும் மரத்தில் 'தயாளன் குடும்பம்' என்று ஒரு நட்சத்திரம் தொங்கியது. நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீ இருக்கிறாய். ஒரு குக்கர் இருக்கிறது. உன் மனைவி, என் தங்கை மாதிரி இருந்தவள், போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உனக்கு அந்தச் சீட்டு கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நீ ஒருவன் குடும்பம்தான். அப்படியென்றால், ஒரு தாயும் ஒரு பிள்ளையும், காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, இருவரும் பஸ் பிடித்து, மாலையில் வீடு திரும்பி, சாப்பிட்டு, ஜெபம் பண்ணித் தூங்குகிறார்களே, அது என்ன? வாடகைக்கு வந்த கூட்டமா?

கோபம் வராமல் பதில் எழுது. எனக்கு வருகிறது. நான் ஊதி ஊதி அடக்கிக்கொள்கிறேன். அந்த வகையில் முட்டை உபயோகமாக இருக்கிறது.

உன் மாமா,
அசரியா


கீழ்க்கட்டளை
5-12-2024

மாமா,

செயலாளராக எழுதினால் நீங்கள் கேலி செய்கிறீர்கள். அதனால் தாய்மாமனாக எழுதுகிறேன்.

குக்கர் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதை விட்டுவிடுவோம்.

உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன். அந்த மாப்பிள்ளையைப் பார்த்தது நான். குரோம்பேட்டை வீட்டாரோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். போன மாதம் அவர்களிடம் போய்ப் பேசினேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நம் ஆலயத்துக்கு வருகிறோம், ரோஸியும் பிள்ளையும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காரட்டும், பிறகு எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவர்கள் வந்து உள்ளே நுழையும்போது மரத்தில் 'ரோஸி, ஜெமிமா' என்று தனியாகத் தொங்கினால் என்ன ஆகும்? நாமே கதவைச் சாத்தியது போல ஆகும்.

ரோஸி வீட்டை விட்டு வரக் காரணமான அந்தப் பால்கனி விஷயத்தில் அவர்கள் சொல்வது வேறு. அன்றைக்குக் காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் பொறுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதுவரை உங்கள் முட்டையின் சீட்டிலேயே அவள் பெயரையும் எழுதுங்கள். கட்டாயம் தனியாகத்தான் வேண்டும் என்றால் மரத்தின் பின்பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி, நானே கட்டுகிறேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் எனக்கும் பிள்ளைதான் மாமா.

தயாளன்


இரும்புலியூர்
9-12-2024

தயாளா,

மாப்பிள்ளை பார்த்தது நீ. சரி என்று தலையாட்டியது நான். கல்யாணத்துக்குப் பிரியாணி ஆர்டர் கொடுத்தது உன் அக்கா. அதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான். காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

கம்பெனி பஸ் தாமதமாக வந்தது அன்றைக்கு. அவள் துணி எடுக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. சரி, காற்று என்றே வைத்துக்கொள்வோம். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டது எந்தக் காற்று? மழை பெய்யப் பெய்ய, உள்ளே டி.வி.யில் சத்தத்தைக் கூட்டியது எந்தக் காற்று? எதிர் பிளாக்கில் இருந்தவர்கள் குடையோடு வந்து காலிங் பெல்லை அடித்த பிறகு, "ஜப்பான்காரி இனிமே டயத்துக்கு வருவா" என்று சிரித்துக்கொண்டே திறந்ததும் காற்றுதானா? அது முதல் தடவையும் இல்லை. பிள்ளையோடு நின்றதுதான் முதல் தடவை. ஆகவே கதவைச் சாத்துவது பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். அந்த விஷயத்தில் எங்களுக்கு அனுபவம் உண்டு.

உன் கடிதத்தை ரோஸியிடமே கொடுத்தேன். நான் சொல்லி அவள் கேட்பது சரியாக வராது என்று தோன்றியது. நின்றபடியே படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா பாவம்ப்பா. அவர் மனசுல நான் இன்னும் கல்யாணப் பொண்ணாவே மேடையில நின்னுட்டிருக்கேன்."

"அவன் பின்பக்கம் கட்டறேன்னு எழுதியிருக்கான்மா."

"படிச்சேன். சுவத்துக்கு என் பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அது போகட்டும், நீங்க ஏன் எனக்காக எழுதிக்கிட்டே இருக்கீங்க? முட்டை என்னுது, பேரும் என்னுது. பதினஞ்சாம் தேதி நானே கட்டறேன்."

"மரம் உயரம்மா. ஸ்டூல் போட்டாலும் உனக்கு எட்டாது."

"கம்பெனில ஜப்பான்காரங்களே ஸ்டூல் போட்டு எட்டறாங்க. நான் அவங்களைவிட உயரம்."

தகப்பன் என்று ஒரு பதவி இருந்தது. அதிலிருந்து மரியாதையாக ரிட்டயர் பண்ணிவிட்டாள். இனி நான் எழுதுவது என் சார்பில் மட்டும்.

இன்னொரு செய்தி. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. உன் அக்காதான் பரப்பினாள் என்று சந்தேகப்படுகிறேன். முட்டி வலித்தாலும் வாய் வலிக்கவில்லை. சுகிர்தா டீச்சர் நேற்று வீட்டுக்கு வந்தார். புருஷன் போனதிலிருந்து அவர் தொங்கவிடுவது பெங்களூர் மகன் பெயரில். "அந்தப் பையன் இந்த மரத்தைக் கண்ணால பாத்ததே இல்ல அசரியா. எனக்கு ஒண்ணு ஊதிக் குடு, என் பேருல" என்றார். சாயங்காலம் பாக்கியம் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் இத்தனை காலம் வேலை பார்த்து, கல்யாணம் பண்ணாமலே தம்பிகளைக் கரையேற்றியவர். அவர் பெயர் தம்பி சீட்டில்கூட இல்லையாம், 'மற்றும் குடும்பத்தார்' என்பதில் அடக்கமாம். இருவரும் ரோஸி வீட்டில் உட்கார்ந்து தாங்களே காகிதம் தேர்ந்தெடுத்தார்கள். டீச்சர் கொக்கு. சிஸ்டர் விசிறி. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட்.

முன்பக்கம்தான் மச்சான். பின்பக்கம் கிடையாது.

அசரியா


கீழ்க்கட்டளை
12-12-2024

திரு. அசரியா அவர்களுக்கு,

நேற்று கமிட்டி கூடியது. குடும்பத் தலைவர்களாகப் பதிவு பெற்றவர்களின் பெயர்கள் மட்டுமே 15-ஆம் தேதி மரத்தில் இடம்பெறும். இதை மீறிக் கட்டப்படும் எதுவும் அகற்றப்படும். அகற்றும் பொறுப்பு செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

சுகிர்தா டீச்சரையும் இதில் இழுத்துவிட்டிருக்க வேண்டாம். அவர் எனக்கும் வகுப்பு எடுத்தவர்.

தா. தயாளன்


இரும்புலியூர்
16-12-2024

மச்சானுக்கு,

நேற்று நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். உன் அக்கா கசாயம் வைத்து இத்துடன் எடுத்துவருகிறாள். காய்ச்சல் நிஜமாக இருந்தால் குடி. இல்லாவிட்டாலும் குடி, நல்லதுதான்.

நீ இல்லாததால் நடந்ததை எழுதுவது என் கடமை. ஆராதனை முடிந்து குடும்பம் குடும்பமாகக் கட்டத் தொடங்கினோம். நான் என்னுடையதைக் கட்டினேன். முடிச்சை இழுத்ததில் கிளை ஆடி, யாரோ கட்டிய மணி என் தலையில் விழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரோஸி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மரத்தின் முன்னால் வந்துவிட்டாள். ஜெமிமா சீட்டைப் பிடித்திருந்தாள்.

பொருளாளர் ஓடி வந்தார். "ரோஸிம்மா, செக்ரட்டரி வரட்டுமே. வந்ததும் பாத்துக்கலாம்."

"மாமாவுக்குக் காய்ச்சல் அங்கிள். எனக்கு இல்லையே."

"அதுக்கில்லம்மா, கமிட்டில ஒரு முடிவு..."

"அந்தக் கமிட்டில என்னை யாரும் எதுவும் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

அவர் பிடித்துக்கொண்டார் மச்சான். பழக்க தோஷம். ஸ்டூல் என்றால் பிடித்துக்கொள்வதுதானே நம் வேலை. பிடித்த பிறகுதான் என்ன பிடித்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, முன்கிளையில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் கட்டி முடித்துவிட்டாள். நீலத்தில் வெள்ளை அலை. 'ரோஸி, ஜெமிமா. இரும்புலியூர்.'

இறங்கியதும் சுகிர்தா டீச்சர், "ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும்" என்றார். பொருளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நாலாங் கிளாஸ்லயும் இப்படித்தான், முடிக்கறதுக்குள்ள எழுந்து நிப்பே. உக்காரு" என்றார் டீச்சர். மனுஷர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பாக்கியம் சிஸ்டர். அதற்கப்புறம் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள், கைக்குட்டையில் சுற்றித் தாங்களே செய்து கொண்டுவந்த ஏதோ. ரோஸி காகிதம் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ரிட்டயர் ஆனவனிடம் யார் சொல்வார்கள்?

போதகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே ஜெபம், எல்லோருக்கும் சேர்த்துப் பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அகற்றும் பொறுப்பு உன்னிடம் என்று எழுதியிருந்தாய். ஏணி ஆலயத்துக்குப் பின்னால் ஷெட்டில் இருக்கிறது. வந்து கழற்று. நான் தடுக்கப்போவதில்லை, கூப்பிட்டால் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கழற்றும்போது ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கழற்று. ஆலயத்துக்குள்ளே, சத்தமாக.

குரோம்பேட்டைக்காரர்கள் வரட்டும். எங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

அசரியா


கீழ்க்கட்டளை
18-12-2024

மாமா,

நேற்று மத்தியானம் ஆலயத்துக்குப் போனேன். உங்களைக் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சத்தமாகப் படி என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பயந்தவன் நான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று சத்தமாகவே படித்தேன். "சுகிர்தா" என்று படித்தேன். கீழே இருந்து வாட்ச்மேன் "ஆமென்" என்றார். அவருக்கு நான் ஜெபம் பண்ணுவது போலத் தோன்றியிருக்கிறது. பிறகு "ரோஸி, ஜெமிமா" என்று படித்தேன். அதற்கும் ஆமென் சொன்னார். ஏணியில் நின்றபடி அவருக்கு எப்படி விளக்குவது?

நூலில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது. குரோம்பேட்டை சம்பந்தி. விஷயம் அவர்கள் காதுக்குப் போய்விட்டிருக்கிறது. ஏணியிலேயே எடுத்துப் பேசினேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது.

"இன்னா தயாளன் சார், பேர் கீர் மாட்டிக்கினு கீதாமே. கழட்டினியா இல்லியா? அந்த முட்டைய உடைச்சுக் குப்பையில போடு. கிறிஸ்துமஸுக்கு வந்து அவள வூட்டுக்கு இட்டாந்துடறோம். திரும்பவும் நாலு நாள் பால்கனில நின்னா ஜப்பானாவது ஒண்ணாவது, எல்லாம் மறந்துபூடும்."

சிரித்தார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். திரும்பவும் என்றார்.

அது காற்று என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டேன். "எது?" என்றார். அவருக்கு அந்தப் பொய் ஞாபகத்தில்கூட இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு யாரும் வரலாம், ஆலயம் பொது, ஆனால் ரோஸியோடு ஒரு பெஞ்சில் உட்காருவது என்ற பேச்சு இனி இல்லை, நான் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சத்தம் போட்டார். நானும் போட்டேன். வாட்ச்மேன் இந்த முறை ஆமென் சொல்லவில்லை.

எதையும் கழற்றவில்லை. ஏணி சரியில்லை, ஆபத்தானது என்று கமிட்டிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன். வேறு யாருக்காவது விருப்பம் இருந்தால் ஏறட்டும். சீட்டுகளைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறேன். இதுவரை யாரும் முன்வரவில்லை.

ரோஸியிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

தயாளன்

பி.கு: கசாயம் குடித்தேன். காய்ச்சல் இருக்கவில்லை.


இரும்புலியூர்
20-12-2024

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் அக்கா அழுதுகொண்டே படித்தாள். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று வேண்டுமானால் எழுதலாம்.

'நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று எழுதியிருந்தாய். முடியாது. எனக்கு அந்தப் பதவி இல்லை என்று முன்பே சொன்னேன். கடிதத்தை மட்டும் அவளிடம் கொடுத்தேன். போன் பேச்சு வரும் இடத்தை இரண்டு முறை படித்தாள். "மாமா ஏணியில நின்னுக்கிட்டா சத்தம் போட்டார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "விழுந்திருந்தா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு வக்கீலுக்குப் போன் பண்ணி, புது வருஷம் பிறந்ததும் விவாகரத்து வழக்குத் தாக்கல் பண்ணலாம், இனிக் காத்திருக்க வேண்டாம் என்றாள். பக்கத்திலேயே நின்றேன். என் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்பாள் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். கேட்கவில்லை.

அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வரட்டும், வராமல் போகட்டும். ரோஸி வழக்கமான முன்பெஞ்சில்தான் உட்காருவேன் என்கிறாள். மரத்துக்கு நேர் எதிர்.

இப்போது கடிதத்தின் காரணம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மத்தியானச் சாப்பாடு என் வீட்டில் நடக்கும்; நீ வந்து, பிரியாணியில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவாய். இந்த வருஷம் என் வீட்டில் அடுப்பு இல்லை. ரோஸி தன் வீட்டில் சமைக்கிறாளாம். "குடும்பம்னு மரத்துல பேரை மாட்டிட்டு, சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுல போய் நிப்பேனா?" என்றாள். நானும் உன் அக்காவும் அழைக்கப்பட்டவர்கள். சுகிர்தா டீச்சரும் சிஸ்டரும் அழைக்கப்பட்டவர்கள். உன்னையும் அழைத்துவரச் சொன்னாள். "தாய்மாமன் இல்லாம எப்படி, அவர்தான் தலைவாழை இலையில முதல்ல உக்காரணும்" என்றாள்.

மாடி, குறுகின படி. நாற்காலி போதாது, பாதிப் பேர் கட்டிலில். வருவாயா என்று எனக்கு எழுது. இத்தனை நாள் எழுதிப் பழகிவிட்டோம், உன் அக்காவும் தீர்ப்பை இன்னும் தளர்த்தவில்லை.

உன் மாமா,
அசரியா


கீழ்க்கட்டளை
22-12-2024

மாமா,

விருந்துக்கு வருவேனா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

அழைத்தவள் ரோஸி. சமைப்பவள் ரோஸி. வீடு ரோஸியுடையது. ஆகவே என் பதிலை அவளுக்கே எழுதி, அவள் பெயரையும் விலாசத்தையும் உறையின் மேல் போட்டு, அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. பிரிக்க வேண்டாம்.

அந்தக் குடும்பத்து விஷயத்தில் உங்களுக்குத் தனியாகப் பதில் தருவதற்கு நடைமுறை இல்லை.

தயாளன்